கொம்பு எழுத்துக்கு ஒரு வெப் ஆக்டிவிட்டி: செஞ்சதும் பிரிச்சுப் போட்டதும்

ஒருவழியா கொம்பு ஆக்டிவிட்டி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. ஸ்கிரீன்ல வேலை செய்யுறதைச் சொல்லல, அது எப்பவோ செஞ்சிடுச்சு. டேப்லெட்டை மூடி வச்சிட்டு பாடப்புத்தகத்தைத் தொறந்தாலும் பசங்க கெ, கே, கொ, கோன்னு நிதானமாப் படிக்கிறாங்களே, அதைச் சொல்றேன். இங்க வந்து சேர்றதுக்குள்ள எங்கெங்க சுத்தினேன், என்ன வாங்கினேன், எதைத் தூக்கிப் போட்டேன்னு எழுதி வச்சா இதே மாதிரி செய்ய நினைக்கிற யாருக்காவது ஆகும்.

பின்னணியைச் சுருக்கமாச் சொல்லிடறேன். சிங்கப்பூர் ஈசூன்ல எங்க புளோக்குக்குக் கீழ இருக்கிற குடியிருப்பாளர் ரூம்ல சனிக்கிழமை ஒரு சின்ன தமிழ் வகுப்பு நடத்துறோம், தொண்டூழியம்தான். தொடக்கநிலை 2லேருந்து 4 வரைக்கும் உள்ள பசங்க. அதுல சில பேருக்கு லேசான கற்றல் சிரமம் இருக்கு, டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிக்கிறதுல வர்ற சிரமம்)ன்னு பரிசோதனை பண்ணிச் சொன்ன பிள்ளைங்க, அப்புறம் ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கிற நிலை) உள்ள ஒரு பையன். எல்லாரும் வாயால பேசச் சொன்னா பொளந்து கட்டுவாங்க, எழுத்தைக் காட்டினா மட்டும் அடங்கிடுவாங்க. ஆங்கிலத்துக்கு ஸ்கூல்லயே தொடக்கநிலை 3, 4ல டிஸ்லெக்சியா பிள்ளைங்களுக்குன்னு தனி ஆதரவு வகுப்பு நடக்குது. தமிழுக்குன்னு தேடினா கையில கிடைக்கிற பொருள் கம்மி, சரி நாமளே செஞ்சு பாப்போம்னு இறங்கினதுதான். எனக்கு ஆபீஸ்ல வெப்சைட் பராமரிக்கிற வேலை, அதனால புரோகிராம் எழுதுறது கைவந்த விஷயம், பாடம் சொல்லித் தர்றது கைவராத விஷயம். அந்தப் பக்கத்தைப் பாத்துக்க ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தங்க கூட இருக்காங்க, நாங்க எல்லாருமே அவங்களை டீச்சர்னுதான் கூப்பிடுவோம்.

முதல்ல நாங்க நினைச்சது ண, ன அப்புறம் ல, ள, ழ, இதுலதான் பசங்க தடுமாறுறாங்கன்னு. எல்லாருக்குமே அங்கதான் தடுமாறும், அதனால அது கண்ணுல பட்டுச்சு. ஒரு சனிக்கிழமை ஒரு பையன் 'பெட்டி'ங்கிற வார்த்தையில விரலை வச்சுக்கிட்டு அசையாம நின்னான், டீச்சர் குனிஞ்சு பாத்துட்டு "ஏம்மா, இவன் கொம்புலயே போய் நிக்கிறான் பாரு"ன்னாங்க. அப்பதான் உறைச்சுது. நாம இடதுலேருந்து வலதுக்குப் படிக்கிறோம், ஆனா பெ-ல கொம்பு முன்னாடி நிக்குது, அதோட சத்தம் ப்-க்குப் பின்னாடி வருது. பொ-ன்னா இன்னும் மோசம், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், நடுவுல ப, ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் ஒ. நமக்கு அது மொத்தமா ஒரு உருவமா பதிஞ்சு போயிடுச்சு, அதனால தெரியறதில்ல. ஆனா ஒவ்வொரு எழுத்தா சத்தம் ஒட்டி ஒட்டிப் படின்னு இங்கிலீஷ்ல பழகின பிள்ளை அதே பழக்கத்தோட இங்க வந்தா, கொம்பைப் பாத்ததும் என்ன சத்தம் போடும்? ஒண்ணும் போடாது, முழிக்கும். அதனால ண, ன எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு அஞ்சே அஞ்சு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, அப்புறம் கொம்பும் காலும் சேந்து வர்ற ஒ, ஓ, இது மட்டும்தான் இந்த ஆக்டிவிட்டின்னு முடிவாச்சு.

ஆரம்பத்துல புரோகிராம் எழுதுற எண்ணமே இல்ல. ரெடிமேடா கிடைக்கிற வினாடி வினா தளம் ஒண்ணுல கேள்வி போட்டேன், அரை மணி நேர வேலை. பின்னணி இசை, மேல ஓடுற கடிகாரம், முடிவுல யார் முதல்னு ஒரு பட்டியல். ஏடிஎச்டி பையன் எழுத்தைப் பாக்கவே இல்ல, நாலு பெட்டியில கைக்கு எட்டினதை டமடமன்னு அமுக்கிட்டே போய் பட்டியல்ல முதல் ஆளா வந்தான். கேள்விக்கு உண்மையிலயே பதில் யோசிச்சிக்கிட்டிருந்த பொண்ணு கடிகாரம் சிவப்பா மாறினதும் டேப்லெட்டைக் கவுத்து வச்சிட்டா. அதோட அது முடிஞ்சுது. கடிகாரத்தையும் பட்டியலையும் அணைக்க வழி இருக்கு, ஆனா எழுத்து அளவையும் சத்தத்தையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியல.

அடுத்து எச்5பி, வெப்ல ஓடுற ஆக்டிவிட்டி செய்யுற கருவி. இது இலவசம், ஓப்பன் சோர்ஸ். லூமின்னு ஒரு டெஸ்க்டாப் ஆப் இருக்கு, அதுல எச்5பி ஆக்டிவிட்டி செஞ்சு ஒரே எச்டிஎம்எல் ஃபைலா வெளிய எடுத்துக்கலாம், படம் சத்தம் எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும், நெட் இல்லாத ரூம்ல இது பெரிய வரம். எங்க ரூம்ல பொது வைஃபை லாகின் ஆகி நிக்கிறதுக்குள்ள வகுப்பே பாதி போயிடும். எழுத்தை இழுத்துக் கட்டத்துல போடுற வகை ஒண்ணு செஞ்சேன். கம்ப்யூட்டர்ல மவுஸ் வச்சு நான் சோதிச்சப்ப அழகா இருந்துச்சு. டேப்லெட்ல விரலால இழுக்கும்போது இழுக்குற எழுத்தையே விரல் மறைச்சிடுது. பாதி வழியில விரல் லேசா தூக்கினா எழுத்து பழைய இடத்துக்கே ஓடிடுது, பிள்ளை என்ன நினைக்குது, நான் போட்டது தப்பு போலன்னு நினைக்குது. சரியான பதிலைத் தப்புன்னு அதுவா முடிவு பண்ணி வேற எழுத்தைத் தேடுது. இழுக்குற எதுவும் வேணாம், தட்டுறது மட்டும்தான்னு அன்னைக்கு முடிவு பண்ணேன். எச்5பியைக் குறை சொல்லல, பெரிய பசங்களுக்கு இப்பவும் அதுலதான் செய்யுறேன்.

அப்புறம்தான் சொந்தமா எழுதினது. ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைல், ஃப்ரேம்வொர்க் எதுவும் கிடையாது. ஸ்கிரீன் அமைப்பு இதுதான்: மேல நடுவுல ஒரு பெரிய காது பட்டன், தட்டினா ஒரு எழுத்தோ வார்த்தையோ கேக்கும். கீழ ரெண்டு பெட்டி, கேட்டதைத் தட்டணும். நாலு பெட்டி வச்சுப் பாத்தேன், மூணு வச்சுப் பாத்தேன், ரெண்டுதான் நின்னுச்சு. நாலு இருந்தா படிக்கிறதை விட்டுட்டு எது மிச்சம்னு கழிச்சுக் கழிச்சுப் பாக்குற விளையாட்டாயிடுது.

அளவு சொல்றேன், இதுலதான் நிறைய மாத்தினேன். பட்டனுக்குப் பொதுவா சொல்ற 44 பிக்சல்ல ஆரம்பிச்சேன், அது நம்ம விரலுக்குச் சரி. கடைசியா ஒவ்வொரு பெட்டியும் 160க்கு 160, நடுவுல 48 இடைவெளி, எழுத்து 96 பிக்சல். பெட்டி ரெண்டும் ஸ்கிரீன் கீழ் ஓரத்துல இருந்தப்ப பசங்க டேப்லெட்டை மேசையில படுக்கப் போட்டு மணிக்கட்டை அதுமேல வச்சிடறாங்க, அதுவே அமுங்கிடுது, அதனால ஓரத்துலேருந்து 120 பிக்சல் மேல தூக்கினேன். டாய்சோ கடையில ரெண்டு வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சொச்சத்துக்கு வாங்கின புத்தக ஸ்டாண்டுல டேப்லெட்டை நிமித்தி வச்சதும் மிச்சப் பிரச்சனையும் போச்சு. பின்னணி பளீர் வெள்ளை இல்லாம கிரீம் கலர். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அதை ஃபைலுக்குள்ளயே சேத்துட்டேன், இல்லன்னா ஒவ்வொரு டேப்லெட்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

இப்போ தமிழ் எழுத்தைப் பிரிக்கிற கூத்து. வார்த்தையை எழுத்து எழுத்தாக் காட்டணும்னு ஜாவாஸ்கிரிப்ட்ல சும்மா ஸ்ப்ளிட் போட்டேன், 'கொடி' நாலு துண்டாகி கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோட தனியா வந்து உக்காந்துக்கிச்சு. இதுக்கு பிரவுசர்லயே வழி இருக்கு, இன்ட்டில் செக்மென்ட்டர்னு ஒண்ணு, கிராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாத் தெரியறது)னு சொல்லிக் கூப்பிட்டா கொ, டின்னு ஒழுங்காப் பிரிச்சுத் தருது. க்ஷ, ஸ்ரீ மாதிரி எழுத்தை மட்டும் ரெண்டாப் பிரிச்சிடும், அதை நாமதான் ஒட்டிக்கணும், எங்க பட்டியல்ல அது இல்லாததால விட்டுட்டேன். இன்னொரு சனியன் என்னன்னா, வார்த்தைப் பட்டியல் டைப் பண்ணித் தந்தது ரெண்டு மூணு பேர், ஒருத்தர் கீபோர்டுல கொ-ங்கிறது க கூட ஒரே குறியா வருது, இன்னொருத்தர்கிட்ட கொம்பு தனி கால் தனியா ரெண்டு குறியா வருது, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. சரியான பதிலைத் தட்டியும் சத்தம் வரலன்னு ஒரு பொண்ணு என்னை நிமிந்து பாத்தா. எல்லா வார்த்தையையும் உள்ள எடுக்கும்போதே நார்மலைஸ் (ரெண்டு விதக் குறியையும் ஒரே விதமா மாத்துறது) போட்டதும் தீந்துச்சு, ஒரே வரி. கௌ-க்குப் பதிலா கெ அடிச்சு பக்கத்துல ள அடிச்சிருந்தாங்களே, அதுக்கு மட்டும் எந்த வரியும் கிடையாது, கண்ணால பாத்துத்தான் திருத்தணும்.

கலர் போடுறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். கொம்பு மட்டும் ஆரஞ்சு கலர்ல, மெய் கறுப்புல தெரிஞ்சா, "ஆரஞ்சைப் பாத்துக்கோ, ஆனா கறுப்பை முதல்ல சொல்லு"ன்னு பிள்ளைக்கிட்ட சொல்லலாம்ல? அதுதான் டீச்சரோட யோசனை. கொம்பைத் தனி ஸ்பான்ல (எச்டிஎம்எல்ல ஒரு துண்டைத் தனியாக் குறிக்கிறது) போட்டு கலர் குடுத்தா எழுத்து உடைஞ்சு மறுபடி புள்ளி வட்டம். இங்க்ஸ்கேப்ங்கிற வரைகலை ஆப்ல எழுத்தைக் கோட்டு வடிவமா (பாத்) மாத்தி, துண்டு துண்டாப் பிரிச்சு, கொம்புக்கு மட்டும் கலர் அடிச்சு எஸ்விஜியா சேமிச்சேன். வேலை செஞ்சுது, ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் கை வேலை. 18 மெய்யும் அஞ்சு கொம்பு வகையும்னா 90 படம். ராத்திரி உக்காந்து கொஞ்சம் செஞ்சு பாத்துட்டு இது ஆகாதுன்னு படுத்துட்டேன்.

வழி ரொம்பச் சாதாரணமா இருந்துச்சு. ஒரு எழுத்துருல கொம்போட அகலம் எந்த மெய்யோட வந்தாலும் ஒண்ணுதான். க எவ்வளவு அகலம்னு அளந்துக்கோ, கெ எவ்வளவுன்னு அளந்துக்கோ, கழிச்சா கொம்போட அகலம். அப்புறம் எழுத்தை ஒரு தனிப் பெட்டியா வச்சு, அதோட பின்னணியில ஒரு கிரேடியன்ட் (கலர் மாறுற பட்டை), கொம்பு அகலம் வரைக்கும் ஆரஞ்சு அதுக்கப்புறம் டக்குனு கறுப்பு, அந்தப் பின்னணியை எழுத்து வடிவத்துக்குள்ள மட்டும் தெரியுற மாதிரி வெட்டிடணும், சிஎஸ்எஸ்ல பேக்கிரவுண்ட் கிளிப்ல டெக்ஸ்ட்னு போட்டா போதும். எழுத்து ஒரே துண்டா இருக்கு, உடையல, கலர் மட்டும் ரெண்டு. கொ, கோ-வுக்கு வலது ஓரத்துல கால் அகலத்துக்கும் அதே மாதிரி ஒரு ஆரஞ்சு. 90 படத்துக்குப் பதிலா அஞ்சு வரி. கு, கூ, டி மாதிரி எழுத்துல இது நடக்காது, அங்க குறி மெய்யோட ஒட்டி உருவமே மாறிடும், ஆனா எங்களுக்கு வேண்டியது இடது பக்கக் கொம்பு மட்டும்தானே.

சத்தத்துக்கு முதல்ல கம்ப்யூட்டர் குரல்தான். மைக்ரோசாஃப்ட்ல சிங்கப்பூர்த் தமிழுக்குன்னே ரெண்டு குரல் இருக்கு, அன்பு, வெண்பான்னு பேரு. முழு வாக்கியம் குடுத்தா நல்லாவே படிக்குது. வெறும் 'கெ'ன்னு ஒரு எழுத்து குடுத்தா குறிலா நெடிலான்னு நமக்கே சந்தேகம் வர்ற மாதிரி சொல்லுது, அதுலதான் எங்க மொத்தப் பாடமே இருக்கு. அதோட ரெண்டாவது டேப்லெட்ல தமிழ்க் குரலே இல்ல. அதனால எங்க அண்ணன் மகளை உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணோம், உயர்நிலை 1 படிக்கிறா. 15 வெள்ளி கிளிப் மைக், துணி அலமாரியைத் தொறந்து வச்சு அதுக்கு முன்னாடி ஸ்டூல், ஃபேன் ஏர்கான் ரெண்டும் ஆஃப். எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா எம்ஆர்டி மேல்பாதை, ரயில் போற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து பேசணும், அவ வேர்த்து விறுவிறுத்து "அத்தை, எனக்கு பபிள் டீ வேணும்"னு கூலி பேசிட்டா.

தனித்தனியா 'கெ'ன்னு சொல்லச் சொன்னா அவளும் லேசா இழுத்துட்டா, எல்லாரும் இழுப்போம், தனியா நிக்கிற குறிலைச் சொல்றது கஷ்டம். "கெ கே கெ கே"ன்னு ஊஞ்சல் மாதிரி ஓட்டமாச் சொல்லச் சொல்லி அதுலேருந்து ஆடாசிட்டிங்கிற சத்தம் வெட்டுற ஆப்ல வெட்டி எடுத்தேன், அப்ப வித்தியாசம் சுத்தமா வந்துச்சு. இலக்கணத்துல குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டுன்னு இருக்கே, அதை அப்படியே எடுத்துக்கிட்டேன்: குறில் எல்லாம் 0.4 விநாடி, நெடில் 0.8 விநாடி, சத்தம் கேக்கும்போது எழுத்துக்குக் கீழ ஒரு கோடு அந்த நேரத்துக்கு நீளும். குறிலுக்குக் குட்டிக் கோடு, நெடிலுக்கு ரெண்டு மடங்கு. காதுல பிடிபடாத பிள்ளைக்குக் கண்ணுல பிடிபடுது. டீச்சருக்கு இந்தக் கோடு மேல அவ்வளவு பிரியம், இப்ப வெள்ளைப் பலகையிலயும் போடுறாங்க.

ரெண்டு தொழில்நுட்ப விஷயம். பக்கம் தொறந்ததும் தானா சத்தம் வரணும்னு எழுதினா பிரவுசர் விடாது, ஒரு தடவையாவது தட்டினாதான் சத்தத்துக்கு அனுமதி, அதனால முதல் திரையில பெரிய தொடங்கு பட்டன் ஒண்ணு. அப்புறம் சாதாரண ஆடியோ டேக் போட்டா பழைய டேப்லெட்ல தட்டினதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி விழுது, பிள்ளை மறுபடி தட்டுது, ரெண்டு சத்தமா வருது. வெப் ஆடியோவுல எல்லாக் கிளிப்பையும் முன்கூட்டியே ஏத்தி வச்சதும் டக்குனு வருது. எம்பி3 ஆக்கும்போது ஆரம்பத்துல கொஞ்சம் வெறுமை சேரும், அதனால வாவ் ஃபைலாவே வச்சுக்கிட்டேன், குட்டிக் கிளிப்தானே, சைஸ் பெருசா ஏறல.

தப்பாத் தட்டினா என்ன ஆகணும்? இதுலதான் எல்லாமே தலைகீழாச்சு. முதல் வெர்ஷன்ல தப்புக்கு 'டொய்ங்'னு ஒரு சத்தம், சிவப்புப் பெருக்கல் குறி. பசங்களுக்கு டொய்ங் சத்தம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வேணும்னே தப்பாத் தட்டினாங்க. சத்தத்தை எடுத்துட்டு வெறும் சிவப்பு மட்டும் வச்சா, ஏற்கனவே ஸ்கூல்ல சிவப்பு மை பாத்துப் பாத்து நொந்த பிள்ளைங்க அதைப் பாத்ததும் நிறுத்திடறாங்க. தப்பாத் தட்டினா மூணு விநாடி ஸ்கிரீன் பூட்டிக்கிற மாதிரி ஒரு வெர்ஷன் வச்சேன், அவசரக்காரப் பையனை நிதானப்படுத்தலாம்னு. அவன் பூட்டின ஸ்கிரீனைக் குத்த ஆரம்பிச்சான், டேப்லெட்டுக்கு ரப்பர் உறை வாங்கினது அதுக்கப்புறம்தான்.

இப்ப இருக்கிறது இதுதான். எதைத் தட்டினாலும் அது தன் பேரைச் சொல்லும். 'கே'யைத் தட்டினா 'கே'ன்னு கேக்கும், கோடு நீளும். உடனே கேள்விச் சத்தம் மறுபடி 'கெ'ன்னு கேக்கும். அவ்வளவுதான், சரி தப்புன்னு ஒரு அடையாளமும் இல்ல. சரியாத் தட்டியிருந்தா ரெண்டு சத்தமும் ஒண்ணாயிருக்கும், அடுத்த கேள்வி வரும். சத்தம் முடியுற வரைக்கும் பெட்டி ரெண்டும் மங்கலா நிக்கும், அதுவே அவசரக்காரப் பையனுக்குக் கடிவாளம், பூட்டுன்னு அவனுக்குத் தோணல. ஒரு பொண்ணு 'கே'யைத் தட்டிட்டு, கேட்டுட்டு, "அக்கா இது லாங்கா இருக்கு"ன்னு தானாவே மத்ததைத் தட்டினா, யாரும் எதுவும் சொல்லல.

மதிப்பெண் கிடையாது. ஒரு சுத்துக்கு ஆறே எழுத்து, முடிஞ்சதும் ஒரு பழம் வரும். பிள்ளைங்க பேரையும் எங்கயும் டைப் பண்றதில்ல, தகவல் பாதுகாப்புன்னு பாத்தாலும் அதுதான் நல்லது. உள்ள வரும்போது டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான், நோனான்னு ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பாங்க, டுரியானுக்குத்தான் சண்டை. எது எதைத் தட்டினாங்கன்னு டேப்லெட்லயே ஒரு குறிப்பு சேரும், டீச்சர் மட்டும் பாப்பாங்க. மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்புதான் உபயோகம்: ஒரு பிள்ளைக்கு கொ, கோ குழப்பமே இல்ல, கெ, கொ-தான் குழப்பம், அதாவது கொம்பைப் பாத்ததும் முடிவு பண்ணிடுது, வலது பக்கத்துல கால் இருக்கான்னு பாக்குறதே இல்ல. இதை நாங்க காதால கேட்டுக் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்.

வார்த்தைக் கட்டத்துல ஜோடி ஜோடியாப் போட்டோம்: கொடு கோடு, தொடு தோடு, பெட்டி பேட்டி, வெட்டி வேட்டி, கொட்டை கோட்டை. படம் சேக்கலாம்னு பாத்தா அதுவே தனித் தலைவலி. வெட்டிக்குக் கத்தரிக்கோல் படம் வச்சா கத்தரிக்கோல்னு சொல்றாங்க, நியாயம்தானே. கொடு-வுக்கு என்ன படம் போட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 'வீடு'ன்னு ஒரு பழகின வார்த்தைக்கு ஓட்டுக்கூரையும் தோட்டமும் உள்ள இமோஜி போட்டேன், "இது வீடு இல்லக்கா, லேண்டட்" (நிலத்தோட இருக்கிற தனி வீடு)ன்னான் ஒருத்தன். எங்க புளோக்கையே ஃபோன்ல படம் பிடிச்சுப் போட்டதும் பிரச்சனை இல்ல. வினைச்சொல் எல்லாத்துக்கும் படத்தை எடுத்துட்டு சத்தம் மட்டும் வச்சிட்டோம்.

எல்லாம் நல்லாப் போகுது, ஸ்கிரீன்ல ஆறுக்கு ஆறு வருது, சரின்னு பாடப்புத்தகத்தைக் குடுத்தோம். பழைய கதைதான். 'பெட்டி'ல நின்ன பையன் மறுபடி கொம்புல போய் நிக்கிறான். எனக்கு வெறுத்துப் போச்சு. டீச்சர்தான் புத்தகத்துல கொம்பு மேல ஆரஞ்சு பென்சிலால தடவினாங்க, உடனே படிச்சான். அதாவது அவன் கத்துக்கிட்டது கொம்பை இல்ல, ஆரஞ்சை. அழகா இருக்குன்னு நான் மயங்கிக் கிடந்த அந்தக் கலரையே அவன் ஊன்றுகோலாப் பிடிச்சுக்கிட்டான்.

கலரை ஒரே அடியா எடுக்க முடியாது, எடுத்தா விழுந்திடுவான். கிரேடியன்ட் வழியில செஞ்சது இங்கதான் கைகொடுத்துச்சு, கலர் ஒரே ஒரு எண்ல இருக்கு. பளிச் ஆரஞ்சு, மங்கல் ஆரஞ்சு, பழுப்பு, கறுப்புக்குப் பக்கத்துப் பழுப்பு, கறுப்புன்னு அஞ்சு படி வச்சேன். ஒரு படியில தொடர்ந்து ரெண்டு சுத்து சறுக்காமப் போனா அடுத்த படி, சறுக்கினா ஒரு படி திரும்பி வரும், பிள்ளைக்கு எதுவும் சொல்றதில்ல. இங்க்ஸ்கேப் படமா செஞ்சிருந்தா இதுக்கு 450 படம் வேணும். எழுத்துருவும் அதே கதைதான், ஸ்கிரீன்ல ஒண்ணு புத்தகத்துல ஒண்ணுன்னா திணறுறாங்க. கடைசி ரெண்டு படியில எழுத்துருவையும் பாடப்புத்தகத்துல இருக்கிற மாதிரி தடிப்பு மெலிசு உள்ளதா மாத்தினேன். அதோட ஒவ்வொரு சுத்துக்கும் அதே ஆறு எழுத்தை அட்டையில பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி வச்சிருக்கோம், ஸ்கிரீன் முடிஞ்ச உடனே அட்டை, அதுக்கப்புறம் புத்தகத்துல ஒரே ஒரு வரி. ஸ்கிரீன் ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல போறதில்ல. இந்த வரிசை வந்ததுக்கப்புறம்தான் புத்தகத்துல மாற்றம் தெரிய ஆரம்பிச்சுது.

ஒரு பிள்ளைக்கு மட்டும் ஐகாரம் நிக்கவே இல்ல, னை, லை வந்தா குழம்பும். வீட்டுல பாட்டிதான் எழுதச் சொல்லித் தர்றாங்களாம், அவங்க தமிழ்நாட்டுல 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி படிச்சவங்க, னை லை எல்லாம் தும்பிக்கை வச்ச பழைய வடிவத்துல எழுதுறாங்க. பாட்டியை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனசு வரும். டீச்சர் ஃபோன் பண்ணி, "அம்மா, நீங்க வாயால சொல்லுங்க, அவ எழுதட்டும்"னு பேசி முடிச்சாங்க.

செலவுக் கணக்கு. பழைய பொருள் விக்கிற கெரோசல் ஆப்ல வாங்கின பழைய டேப்லெட் ரெண்டு 150 வெள்ளி. ஒயர் ஹெட்ஃபோன் ரெண்டு 19 வெள்ளி 80 காசு, புளூடூத் வாங்காதீங்க, சத்தம் தாமதமா வரும், சார்ஜும் இருக்காது. ரப்பர் உறை 16, மைக் 15, ஸ்டாண்டு நாலு வெள்ளிச் சொச்சம், அட்டையும் லேமினேஷனும் 14. மொத்தம் 220க்குள்ள. பபிள் டீ சேக்கல. சாஃப்ட்வேர் எல்லாம் இலவசம்.

அடுத்த தடவை செஞ்சா டேப்லெட் வாங்குறதுக்கு முன்னாடி அட்டையிலதான் ஆரம்பிப்பேன், எந்த ஜோடி குழப்பம்னு அட்டையிலயே தெரிஞ்சிருக்கும். குரலையும் ஒருத்தரோட நிறுத்தாம ஒரு ஆம்பளக் குரல், ஒரு பெரியவங்க குரல் சேக்கணும், இப்ப சில பசங்க அண்ணன் மகள் குரல்லதான் கெ-யை அடையாளம் காணுறாங்க, டீச்சர் சொன்னா ஒரு நிமிஷம் யோசிக்கிறாங்க.

அம்மாக்கள் வீட்டுலயும் வேணும்னு கேட்டாங்க, வாட்ஸ்அப்ல ஃபைலா அனுப்பினேன். ஐபோன்ல அது வெறும் ப்ரிவியூவாத் தொறக்குது, பட்டன் எதுவும் அசையல. கிட்ஹப் பேஜஸ்ங்கிற வெப்சைட் வைக்கிற இடத்துல ஏத்தி லிங்க் அனுப்பினதும் சரியாச்சு, வெறும் ஃபைல் வைக்கிறதுக்கு அங்க காசு இல்ல. ல, ள, ழ-வுக்கும் இதே மாதிரி செய்யச் சொல்லி டீச்சர் நச்சரிக்கிறாங்க. அதுக்கு இந்த வழி ஒத்து வராதுன்னு நினைக்கிறேன், ஏன்னா பேசும்போது நம்மள்ல பாதிப் பேர் அந்த மூணையும் ஒரே மாதிரிதான் சொல்றோம், ரெக்கார்ட் பண்ண உக்காந்தா அண்ணன் மகளே "வாழைப்பழம்"ல திணறினா. இப்போதைக்கு நாக்கு எங்க போகுதுன்னு பக்கவாட்டுப் படம் ஒண்ணு வரைஞ்சு பாத்துக்கிட்டிருக்கேன், ள-வுக்கும் ழ-வுக்கும் படத்துல நாக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்து நிக்குது, அதை எப்படிப் பிரிச்சுக் காட்டுறதுன்னு யாராவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்க.